தாளாளரை நான் சாகடித்த நாள்

இங்கிலீஷ் தெரியாததால் அவமானப்பட்டவர்கள் நம் பக்கம் ஏராளம். அவர்கள் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் இரக்கமும் வரும். நான் இங்கிலீஷ் தெரிந்ததால் அவமானப்பட்டவள். என்மேல் யாருக்கும் இரக்கம் வராது. வரவும் கூடாது. முழுசாகக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பூதலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர். என் தாத்தா பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பா அதே மண்ணில் ஒன்றரை ஏக்கரைச் சொந்தமாக்கிவிட்டுச் செத்துப்போனார். அந்த வீட்டிலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவள் என்றால் கால் தரையில் பாவுமா? பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட “ஒன் பூதலூர் ப்ளீஸ்” என்று கேட்ட காலம் அது. (“ஒண்ணுதாம்மா இருக்கு பூதலூர்” என்பார் அவர்.)

ஆனால் பள்ளிக்குள் நுழைந்ததும் எல்லாக் கொம்பும் உதிர்ந்துவிடும். காரணம் தாளாளர். பள்ளியை நடத்துகிறவர். அவருக்கு ஒரு ரைஸ் மில்லும் இருந்தது. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் என் பணி நிரந்தரமாகவில்லை. அந்தக் கோப்பு அவர் மேஜையில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அதுவரை அவர் தும்மினால்கூட “சரிங்க சார்” என்பதுதான் என் ஆங்கில இலக்கியம்.

இதற்கு நடுவில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. தஞ்சாவூரில் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் கிடைத்தது. அயர்லாந்துக்காரப் பெண் ஒருவர் குழந்தைகளுக்கு எழுதிய கதை. பிழைப்புக்காக அப்பா வெளிநாடு போய்விட்ட ஒரு சிறுமி, கால் ஊனமான ஒரு பெரிய வாத்தை வளர்க்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த ஊரில் சேற்றையே செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து, அடுப்பெரிப்பார்கள். ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒவ்வொரு அத்தியாயமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். “நம்ம சேத்துல நெல்லு வருது, அவங்க சேத்துல நெருப்பு வருமா டீச்சர்?” என்று கேட்டாள் அபிநயா. முப்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேரின் அப்பாக்கள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். எனவே கதையில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அந்த எழுத்தாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். (எழுத்தில் நான் புலி.) மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதன்பின் ஒரு வருஷம் எழுதிக்கொண்டோம். பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். குழந்தைகள் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். சென்னைக்கு ஏதோ இலக்கிய விழாவுக்கு வருவதாகவும், அது முடிந்ததும் ஒரு ராத்திரி ரயிலேறி இந்த முப்பத்தெட்டுப் பேரைப் பார்க்க வருவதாகவும் அவரே எழுதினார். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தாளாளருக்குச் சொன்னேன். “வெள்ளக்காரங்களா?” என்றார். “ஆமாங்க சார்.” உடனே ஃப்ளெக்ஸ், சாமியானா, பத்திரிகை நிருபர் என்று அமர்க்களம். ஃப்ளெக்ஸில் தாளாளர் படம் ஆளுயரம். எழுத்தாளர் படம் தபால்தலை அளவு. நான் மேடையில் வாசிக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தயாரித்தேன். இருபது வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதியவர். முதல் புத்தகத்தைப் பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே புத்தகம் பல நாட்டுக் குழந்தைகளிடம் போனது. ஐம்பது வயதுக்கு மேல் பெரியவர்களுக்கும் நாவல் எழுதத் தொடங்கினார். நான்கு பக்கம் வந்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, ஒப்புதலுக்காகத் தாளாளர் மேஜையில் வைத்தேன்.

முதல் வரியிலேயே விரல் நின்றது.

“ஏம்மா, இதென்ன ‘சில்ட்ரன் அண்ட் அடல்ட்ஸ்’?”

“கொழந்தைங்களுக்கும் எழுதுவாங்க, பெரியவங்களுக்கும் எழுதுவாங்க சார்.”

“பெரியவங்களுக்குன்னா?”

“அதான் சார், அடல்ட்ஸ்க்கு.”

(விளக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன்.)

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு காலத்துல கும்பகோணத்துல ஒரு தியேட்டர்ல பெருசா ‘ஏ’ன்னு போட்டு, கீழ அடல்ட்ஸ் ஒன்லின்னு எழுதியிருப்பான். அந்த அடல்ட்ஸா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் செல்போனில் தேடிவிட்டார். நாவலின் அட்டைப்படம் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு தெரிகிறது. முதுகு மட்டும்தான். ஆனால் முழு முதுகும்.

இரண்டு பேரும் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் தீவிரமாக ஆராய்ந்தார்கள்.

“சார், அது அப்படிப்பட்ட புக் இல்லைங்க” என்றேன்.

“நீ படிச்சிருக்கியா?”

“இல்லைங்க சார்.”

“படிக்காமயே எப்படிச் சொல்ற? படிச்சிருந்தா அதவிட மோசம்.”



“பொண்ணுங்க படிக்கிற எடம் இது. நிகழ்ச்சி கிடையாது. அந்தம்மா கேட்டுக்குள்ள வரக் கூடாது” என்றார். பிறகு மேஜைமேல் இருந்த ஒரு கோப்பை விரலால் மெதுவாகத் தட்டினார். அது என் கோப்பு.

“சரிங்க சார்” என்றேன்.

சொல்லியிருக்கலாம். ‘வயதுக்கு வந்தவர்கள் வாசிக்கிற இலக்கியம் சார் அது, அசிங்கம் இல்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம். தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். இரண்டிலும் அந்த வாக்கியம் வரவில்லை.

நேராக ஏழாம் வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் ‘வெல்கம்’ என்று கலர் சாக்பீஸில் எழுதிக்கொண்டிருந்தார்கள். “அவங்களுக்குச் சென்னையில காய்ச்சலாம். வரலையாம்” என்றேன். ஒரு சாக்பீஸ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அபிநயா மட்டும் எழுந்து, “கசாயம் குடிச்சாங்களா டீச்சர்?” என்றாள்.

வீட்டில் அம்மாவிடமும் அண்ணனிடமும் “ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன், அதனால ஃபங்ஷன் தள்ளிப்போச்சு. அவங்கள நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்” என்றேன். எழுத்தாளர் அப்போது இன்னும் ரயில்கூட ஏறியிருக்கவில்லை. மின்னஞ்சலை அதற்குள் பார்ப்பாரோ என்னவோ, ஒரு போன் பண்ணி நிறுத்தியிருக்கலாம். ஆனால் போனில் இங்கிலீஷ் பேச எனக்குப் பயம். நம்புங்கள், அதுதான் காரணம். எம்.ஏ., முதல் வகுப்பு.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையில் தஞ்சாவூர் ஸ்டேஷனில் நின்றேன். பள்ளி அனுப்புவதாகச் சொன்ன கார் ரத்து. அண்ணன் செந்திலின் குட்டியானைதான் வந்திருந்தது. சின்ன லோடு வண்டி. பின்னால் நடவுக்கு வாங்கிய நாற்றுக்கட்டுகள் சொட்டச்சொட்டக் கிடந்தன.

இறங்கினார். குள்ளமான உருவம், அறுபதைத் தாண்டிய வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி. நான் ஓடிப்போய் “கிரெய்னி மேடம்!” என்றேன். அவர் சிரித்தபடி, அந்த எழுத்துகளை அப்படி உச்சரிக்கக் கூடாது, ‘க்ரோன்யா’ என்று சொல்லவேண்டும் என்றார். ஒரு வருஷம் கடிதம் எழுதியவரின் பெயரே எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே வாத்து வடிவத்தில் வெட்டிய அட்டைகள். புத்தகத்தில் அடையாளம் வைக்க. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அவர் கையெழுத்தில். அபிநயா. கோகுல். பர்வீன். முப்பத்தெட்டு.

உண்மையைச் சொல்வதாகத்தான் கிளம்பியிருந்தேன். அந்த அட்டைகளைப் பார்த்ததும் வேறொன்று வாயில் வந்தது. “இன்று பள்ளி இல்லை மேடம்” என்றேன். ஏன் என்றார். யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு காரணம் வேண்டும். மூளை அதன் போக்கில் ஒன்றைத் தேடி எடுத்தது.

“எங்கள் தாளாளர் இறந்துவிட்டார்.”

“அடடா. எப்போது?”

“நேற்று. சாயங்காலம் நான்கு மணிக்கு.”

(நேரத்தில் மட்டும் பொய் இல்லை. என்னைப் பொறுத்தவரை அவர் அப்போதுதான் செத்தார்.)

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஏதோ சொன்னார். கடிதத்தில் தெளிந்த நீராக ஓடிய இங்கிலீஷ் நேரில் மதகு திறந்துவிட்ட மாதிரி வந்தது. எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ‘ஹவுஸ்’. எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “யெஸ் யெஸ்” என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் “யெஸ்”.

அவர் நேராகப் பக்கத்துப் பூக்கடைக்கு நடந்தார். இருப்பதிலேயே பெரிய மாலையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது சாவு வீட்டைப் பற்றி. ‘நாம் அந்த வீட்டுக்குப் போக வேண்டாமா?’ நான் யெஸ். ‘பூ வாங்கிப் போகலாமா?’ நான் யெஸ்.

பூக்கடைக்காரர் வழக்கப்படி, “நல்லதுக்கா, கெட்டதுக்காம்மா?” என்று கேட்டார். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இங்கிலீஷும் தெரியாது, நான் சொன்ன சாவும் தெரியாது. “நல்லதுக்குத்தான்” என்றேன். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய, மாப்பிள்ளைக்குப் போடுகிற மாலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்காக நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தார். அவருடைய ஊரில் யார் செத்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, அந்த வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து, வருத்தம் சொல்லி, அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருவார்களாம். போகாமல் இருப்பது அந்தக் குடும்பத்தை அவமதிப்பதாம். நான் அவசரமாக, “எங்கள் வழக்கப்படி வெளியூர்க்காரர்கள் மூன்றாம் நாள்தான் போகலாம்” என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்றத் தஞ்சாவூர் ஜில்லாவின் சம்பிரதாயத்தையே திருத்தி எழுதிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, “அப்படியானால் மாலை என்னிடம் இருக்கட்டும். பள்ளி வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்” என்றார்.

வண்டியில் முன்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அவர் மடியில் மாலையோடு அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பட்டுப்புடவையில் (ஆமாம், கட்டியிருந்தேன்) பின்னால் நாற்றுக்கட்டுகளுக்கு நடுவே நின்றேன்.

பூதலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிர்ப்பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அந்தக் கார் எனக்குத் தெரியும். நான் குனிந்து நாற்றோடு நாற்றாக ஆகப் பார்த்தேன். பச்சைப் பட்டு கட்டியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். நான் கட்டியிருந்தது அரக்கு.

தாளாளர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காலையில் குளித்த பளபளப்பு. குட்டியானையின் முன்சீட்டில் வெள்ளைக்காரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு யாரால் காருக்குள் இருக்க முடியும்? கும்பிட்டபடி போனார்.

“மேடம்! வெல்கம்! ஐ ஆம் கரெஸ்பாண்டென்ட்!” பள்ளியின் பெயரையும் முழுசாகச் சொன்னார்.

க்ரோன்யா அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, கேபினின் பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே அழுக்குப் பிடித்த ஒரு கண்ணாடிதான். நான் பார்வையைத் தண்டவாளத்துக்குத் திருப்பிக்கொண்டேன்.

தாளாளர் அதற்குள் மடியில் இருந்த மாலையைப் பார்த்துவிட்டார். யாருக்காக இருக்கும் என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. வாழ்நாளில் அவர் பார்த்த மாலையெல்லாம் அவர் கழுத்துக்குத்தான் வந்திருக்கிறது. மெதுவாகக் கழுத்தைக் குனிந்தார்.

க்ரோன்யா இறங்கினார்.  பிறகு இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி அவருக்குப் போட்டார். ஒவ்வொரு சொல்லாக, எனக்கும் கேட்கும்படி சொன்னார்:

“உங்களை இவ்வளவு நல்ல உடல்நிலையில் பார்ப்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆச்சரியம் என்று சொல்லவே முடியாது.”

“தேங்க்யூ, தேங்க்யூ” என்றார் தாளாளர். “டெய்லி வாக்கிங்.”

என்னைக் கூப்பிட்டு அவருடைய போனைக் கொடுத்து ஃபோட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதில் மாலை மட்டும்தான் விழுந்தது. “நல்லா எடும்மா” என்றார். இன்னொன்று எடுத்தேன். போனைத் திருப்பி வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, “வெளியில பாத்தா தப்பில்ல. உள்ள கூட்டியாந்துடாத” என்றார். சரக்கு ரயில் போய் முடிந்தது. கேட் திறந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

க்ரோன்யா ஏதாவது கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்தேன். வீட்டு வாசலில் இறங்கினார். கேட்கவில்லை.

அம்மா கொல்லையில் வாத்துகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். அரிசி புடைக்கும்போது விழுகிற நொய்தான் குருணை. பெயர் என்ன என்று கேட்டாள். அவரே “க்ரோன்யா” என்றார். அம்மா கையில் இருந்ததைப் பார்த்தாள். “குருணையா?” என்றாள். நான் பதறி, “அம்மா, அப்படியெல்லாம் சொல்லாத” என்றேன். என்ன சொல்கிறார் என்று விருந்தாளி கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய மொழியிலும் அந்தப் பெயருக்குத் தானியம் என்று ஒரு பொருள் சொல்வார்களாம். வந்த நேரத்திலிருந்து சரியாகக் கூப்பிட்டது அம்மா ஒருத்திதான் என்றார். அன்று முழுவதும் அவர் குருணையம்மாதான்.

அம்மா கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். முள்ளை எடுத்துவிட்டு மீனை அவர் இலையில் வைத்தாள். சாப்பிட்டதும், “கத எழுதறதுதான் இவங்க வேலையா? ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். குழந்தைகளுக்கு எழுதியவரை ஊரே கொண்டாடியதாம். பிறகு பெரியவர்களுக்காக ஒரு நாவல். கல்யாணம் ஆகாமல் தாயான பெண்களை அந்த ஊரில் முன்பு என்ன செய்தார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி. அது வெளிவந்த வாரமே அவர் வேலை பார்த்த பள்ளியின் நூலகத்திலிருந்து அவருடைய குழந்தைப் புத்தகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டார்களாம். வாத்துக் கதையையும்.

இதுவரை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அம்மா “அட பாவிகளா” என்றாள். அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. அவருக்கே புரிந்தது.

பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பள்ளியில் அவருக்கு ஒரு தோழி இருந்தாள். பன்னிரண்டு வருஷம் பக்கத்து வகுப்பு. புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டபோது அவளும் அறையில் இருந்தாள். திட்டியவர்கள் முகமெல்லாம் தனக்கு மறந்துவிட்டது, அவள் முகம் மறக்கவில்லை என்றார். அவள் ஒன்றுமே செய்யவில்லை. அதனால்தானாம்.

“என்னடி சொல்றாங்க?” என்றாள் அம்மா.

“நெல்லு நல்லா வந்திருக்குன்னு சொல்றாங்கம்மா” என்றேன்.

நடவே அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாலேகாலுக்குப் பள்ளி விட்டு வாய்க்கால் ஓரமாகப் பிள்ளைகள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மறந்துவிட்டேன். வாசலில் குருணையம்மா உட்கார்ந்திருக்க, முதலில் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு ஓடிவந்தார்கள். பிறகு ஏழாம் வகுப்பு ‘பி’யில் பாதி எங்கள் வாசலில் இருந்தது.

“டீச்சர், காய்ச்சல்னு சொன்னீங்க!”

நான் வாயைத் திறப்பதற்குள் அபிநயா முன்னால் வந்துவிட்டாள். நான் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் திரட்டி, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: “மேடம், ஃபீவர் ஓகே?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கணக்கு அவருக்குள் முடிந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. செத்துப்போன தாளாளர், நடந்துகொண்டிருக்கும் பள்ளி, வராத காய்ச்சல். அபிநயாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, “போய்விட்டது, பார்” என்றார்.

பையிலிருந்து வாத்து அட்டைகளை எடுத்துப் பெயர் படித்துப் படித்துக் கொடுத்தார். வராதவர்களுடையதை வந்தவர்களிடம் ஒப்படைத்தார். பிறகு புத்தகத்தை விரித்து வாசித்தார். நான் பக்கத்தில் போய் நின்று மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். வேண்டாம். அவர் ஒரு வரி வாசிப்பார். பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்வார்கள். கதை அவர்களுக்கு மனப்பாடம். வாத்து பறக்க முயற்சி செய்கிற இடம் வந்தபோது அம்மாவும் சேர்ந்து சொன்னாள். தினமும் ராத்திரி, வகுப்புக்காக நான் எழுதிய தமிழை அவளுக்கு வாசித்துக்காட்டியிருந்தேன்.

நான் சும்மா நின்றேன். என் வீட்டு வாசலில், என் மாணவர்களுக்கு, என் மொழிபெயர்ப்பு. அங்கே தேவைப்படாத ஒரே ஆள் நான்.

சாயங்கால ரயிலில் அனுப்பிவைக்கப் போனபோது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ரயில் வந்தது. “உன் அம்மாவின் பெயரை எழுதிக் கொடு” என்றார். ‘பாக்கியம்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “ஹேப்பி ஜர்னி மேடம்” என்றேன். அதில் மட்டும் இலக்கணப் பிழை இல்லை.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. ‘அயர்லாந்து எழுத்தாளர் தாளாளருக்கு மாலை அணிவித்து மரியாதை.’ அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இரண்டு மாதம் கழித்து என் கோப்பில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரமானேன்.

மூன்று மின்னஞ்சல் எழுதினேன். எதிலும் மன்னிப்பு இல்லை. மழை, நடவு, பிள்ளைகளின் மார்க். முதலாவதுக்கு, “அம்மாவுக்கு என் அன்பு” என்று ஒரு வரி வந்தது. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் இல்லை.

சில வருஷம் கழித்து அவருடைய புதிய குழந்தைப் புத்தகம் வந்தது. நெல் விளையும் ஊரில் வாத்து வளர்க்கும் ஒரு பெண்ணின் கதை. முதல் பக்கத்தில் பாக்கியத்துக்கு என்று அச்சடித்திருந்தது. அம்மாவுக்குத் தபாலில் ஒரு பிரதி வந்தது. அக்கம்பக்கம் முழுக்கக் காட்டினாள். அடுத்த வருஷம் பெரியவர்களுக்கான நாவல். அது தபாலில் வரவில்லை. நானே வாங்கினேன். அதில் ஒரு டீச்சர் வருகிறாள். அருமையான இங்கிலீஷ் எழுதுவாள். பயந்தவள். எல்லாருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்வாள். கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசிக்கிறவர்கள் சிரிக்கும்படி எழுதியிருந்தார். குழந்தைகளுக்கு என் அம்மாவைக் கொடுத்தார். பெரியவர்களுக்கு என்னை.

புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம் படிக்க ஆரம்பித்த அண்ணன் மகள் யாழினி, என் புடவையைக் கடன் கேட்காமல் எடுக்கப்போய் அதைக் கண்டெடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம், அந்த அத்தியாயத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். என்னைவிட நன்றாக மொழிபெயர்க்கிறாள். எதையும் விடவில்லை.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அந்த மாலை எழவு மாலையாடி?” என்றான். அம்மா சிரிக்கவில்லை. “அப்ப, அன்னிக்கு நெல்லு நல்லா இருக்குன்னு அவங்க சொல்லலையா?” என்று மட்டும் கேட்டாள்.

போன வருஷம் தாளாளர் நிஜமாகவே காலமானார். போன் வந்ததும் வீட்டில் சொன்னேன். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எந்த ட்ரெயின்ல யாரு வர்றாங்க?” என்றான். நான் மாலையோடு கிளம்பிய பிறகுதான் நம்பினார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், ஸ்கூலில் லேட்டாச்சு என்றாலும், பஸ் வரவில்லை என்றாலும், அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். “இது சின்னப்புள்ளைங்களுக்குச் சொல்றதா, பெரியவங்களுக்குச் சொல்றதா?” சின்னப்பிள்ளைகளுக்கு என்றால் இனிப்பாக இருக்கும், பெரியவர்களுக்கு என்றால் நடந்தது இருக்கும் என்பது அவள் கணக்கு. எல்லாரும் சிரிப்பார்கள். விருந்தாளிகள் இருந்தால் முழுக்கதையும் ஒருமுறை ஓடும். நானும் சிரித்து வைப்பேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அம்மாவிடம் வாசித்துக்காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

“அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்ட மாதிரி எழுதலையா?”

“கேக்கலையேம்மா.”

“அந்தப் புள்ள அபிநயாகிட்ட?”

“அதுவும் இல்ல.”

அம்மா எழுந்து வாத்துகளைப் பார்க்கப் போனாள்.

“அப்ப இது பெரியவங்களுக்குத்தான்” என்றாள்.